எரிபொருள் தீர்ந்த விமானம்: கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடலாமா?

பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் எரிபொருள் தீர்ந்துபோகுமா என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சிரிப்பார்கள். காருக்கு எண்ணெய் போட மறப்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் கையில் போத்தலுடன் நிற்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் பல மாதம் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, உரிமம் வாங்கிய ஒரு விமானி அப்படிச் செய்வாரா?

செய்கிறார். அதுவும் அடிக்கடி. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017ஆம் ஆண்டில் இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கைக் குறிப்பை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரையிலான ஐந்து ஆண்டுகளில், எரிபொருளைச் சரியாகக் கையாளாத காரணத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்தன. விமான நிறுவனங்களின் சேவையைச் சேராத சிறு விமானங்களின் விபத்துக் காரணங்களில் இதற்கு ஆறாவது இடம். இவற்றில் 56 விழுக்காடு, டேங்க் முழுதும் காலியானதால் நேர்ந்தவை. இன்னொரு 35 விழுக்காட்டில் டேங்கில் எரிபொருள் இருந்தது, ஆனால் அது என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. எரிபொருள் அமைப்பில் ஏற்பட்ட பழுது காரணமாக நடந்தவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 95 விழுக்காட்டு விபத்துகளில் மனிதரின் திட்டமிடலோ, கருவியைப் பயன்படுத்திய விதமோ, அந்த வகை விமானத்தில் அவருக்கு இருந்த அனுபவமோ காரணமாகச் சுட்டப்பட்டது.

இவ்வளவையும் படித்தவுடன் நம் வாயில் வரும் சொல் ஒன்றுதான்: கவனக்குறைவு. அந்தச் சொல்லைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அதே குறிப்பில் உள்ள இன்னொரு விவரத்தைப் பாருங்கள். இந்த விபத்துகளில் சிக்கிய விமானிகளில் பயிற்சி மாணவர்கள் வெறும் 2 விழுக்காட்டினர். பாதிப் பேர், அதாவது 50 விழுக்காட்டினர், வணிக விமானி உரிமமோ விமான நிறுவன விமானிக்குரிய மிக உயர்ந்த உரிமமோ வைத்திருந்தவர்கள். மாணவர்கள் ஆசிரியரின் கண்காணிப்பில் பறப்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம்தான். அப்படியே வைத்துக்கொண்டாலும், அறியாதவர்கள் செய்யும் தவறு இது என்று சொல்ல வழியில்லை. தெரிந்தவர்களே செய்கிறார்கள்.

கவனக்குறைவு என்பது ஒருவர் மீது ஒட்டும் பெயர். ஒரு நிகழ்வு எப்படி நடந்தது என்பதற்கு அது விளக்கம் ஆகாது. அந்தப் பெயரை ஒட்டிவிட்டால், "நான் கவனமானவன், எனக்கு அப்படி நடக்காது" என்று நாம் தாளைத் திருப்பிவிடுகிறோம். இங்கே பேச வேண்டியது, அனுபவமுள்ள ஒருவரின் கையில் எரிபொருள் எப்படிக் காணாமல் போகிறது என்பதைத்தான்.

முதலில் மீட்டர். சிறு விமானங்களின் எரிபொருள் மீட்டரைக் காரின் மீட்டரைப் போல் நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான பழைய பயிற்சி விமானங்களில், டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவைதான் முள்ளை நகர்த்துகிறது. டேங்க் இறக்கைக்குள் அகலமாக, தட்டையாக இருக்கும். விமானம் சற்றுச் சாய்ந்தாலும் மூக்கு உயர்ந்தாலும் உள்ளே இருக்கும் திரவம் ஒரு பக்கம் ஒதுங்கும், முள்ளும் அதனோடு ஆடும். போதாததற்கு, இந்த விமானங்களில் பல உங்கள் பெற்றோரைவிட வயதில் மூத்தவை. மீட்டர் என்ன காட்டினாலும் அதை மட்டும் நம்பாதே என்பதுதான் விமானப் பயிற்சியின் முதல் வாரப் பாடம்.

பிறகு எதை நம்புவது? ஒரு குச்சியை! விமானி ஏணியில் ஏறி, இறக்கையின் மேலிருக்கும் மூடியைத் திறந்து, அளவுக் கோடுகள் போட்ட குச்சியை டேங்குக்குள் விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்கிறார். நம் மெக்கானிக் காரின் என்ஜின் எண்ணெயைப் பார்ப்பதைப் போலத்தான். செயற்கைக்கோளைக் கொண்டு வழி கண்டுபிடிக்கும் காலத்திலும் இந்தக் குச்சிக்கு வேலை போகவில்லை.

அளந்த பிறகும் ஒரு கழித்தல் உண்டு. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பயிற்சி விமானங்களில் ஒன்றான செஸ்னா 172-இன் அண்மைய மாடலில் மொத்தம் 56 அமெரிக்க கேலன் பிடிக்கும். பயன்படுத்தக்கூடியது 53 கேலன்தான், ஏறக்குறைய 200 லிட்டர். மீதி 11 லிட்டர் டேங்கின் மூலை முடுக்கிலும் குழாய்களிலும் தங்கிவிடும், என்ஜினுக்கு நிச்சயமாக வரும் என்று சொல்ல முடியாது. கணக்கில் அந்த 11 லிட்டரைச் சேர்த்துக்கொண்ட விமானி, இல்லாத எரிபொருளில் பறக்கிறார்.

அலகுகளும் தம் பங்குக்கு ஏமாற்றும். இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு சிறு விமானம் அல்ல, ஏர் கனடாவின் போயிங் 767. 1983 ஜூலை 23ஆம் தேதி, கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். டேங்கில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை எடையாக மாற்ற ஏறக்குறைய 0.8ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது ஒரு லிட்டரின் எடை, ஆனால் பவுண்டில். விடையைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டு, 20,000 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஊற்றினார்கள். இரண்டு என்ஜின்களும் நடுவானில் நின்றன. கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் விமானத்தை மிதக்கவிட்டு இறக்கிய விமானிகளின் திறமையால் 69 பேரும் உயிர் தப்பினார்கள். அந்தப் பெருக்கலை ஒருவர் மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை. தரைப் பணியாளர்களும் விமானிகளும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் அதே தவறான எண்ணால் பெருக்கியதால், எல்லோருக்கும் ஒரே தவறான விடை வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கீழே வருவது கற்பனைப் பயணம், ஆனால் எண்கள் மெய்யான விமானத்துக்குப் பொருந்துபவை. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுபாங்கிலிருந்து லங்காவி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 220 கடல் மைல். நம் செஸ்னா மணிக்கு 110 கடல் மைல் வேகத்தில், அதாவது 110 நாட் வேகத்தில் பறக்கிறது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மணிக்கு 36 லிட்டர் என்றால் மொத்தம் 144 லிட்டர். டேங்கில் 200. மிச்சம் 56 லிட்டர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பறக்கப் போதும். லங்காவியில் எண்ணெய் ஊற்றத் தேவையில்லை என்று விமானி முடிவு செய்கிறார். இந்தத் தாளைப் பார்க்கும் யாரும் அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது தெற்கிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது. போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து நிற்கும், ஆகவே இரண்டும் சரியாகிவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். போட்டுப் பாருங்கள். போகும்போது 220ஐ 130ஆல் வகுத்தால் 1 மணி 41 நிமிடம். வரும்போது 220ஐ 90ஆல் வகுத்தால் 2 மணி 27 நிமிடம். மொத்தம் 4 மணி 8 நிமிடம். எதிர்க்காற்றில் மெதுவாகப் பறக்கிறோம், மெதுவாகப் பறப்பதால் அந்த எதிர்க்காற்றிலேயே அதிக நேரம் இருக்கிறோம். அதனால், போய்த் திரும்பும் பாதையில் ஒரே நிலையாக வீசும் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் மொத்த நேரத்தைக் கூட்டத்தான் செய்யும். கூடுதலான 8 நிமிடத்துக்கு 5 லிட்டர். மிச்சம் 51.

அடுத்தது கலவை. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். இதற்காக விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கிறது. விமானத்தின் கையேட்டில் உள்ள "மணிக்கு இத்தனை லிட்டர்" என்ற எண், அந்தக் குமிழைச் சரியாக இழுத்துக் கலவையை மெலிதாக்கிப் பறப்பவருக்கே பொருந்தும். நம் விமானி அதைச் செய்யவில்லை. என்ஜின் மணிக்கு 36 லிட்டருக்குப் பதில் 42 லிட்டர் குடிக்கிறது. நான்கு மணி நேரத்தில் 25 லிட்டர் போய்விட்டது. மிச்சம் 26.

புறப்படும்போது டேங்கை அவர் எட்டிப் பார்த்தார், நிறைந்திருப்பதாகத்தான் தெரிந்தது. குச்சியை விட்டு அளக்கவில்லை. விமானம் நின்ற தரை சற்றுச் சாய்வாக இருந்ததால் விளிம்புவரை நிரம்பவில்லை, 15 லிட்டர் குறைவு. மிச்சம் 11.

திரும்பும் வழியில், பேராக் மாநிலத்துக்கு மேல், பிற்பகல் மூன்று மணிக்கு இடிமேகம். நம் ஊர் வானிலையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. சுற்றிக்கொண்டு வர 20 நிமிடம். அதற்கு 14 லிட்டர் வேண்டும். இருப்பது 11.

இல்லாத அந்த 3 லிட்டர், ஏறக்குறைய நான்கு நிமிடப் பறத்தல். 90 நாட் வேகத்தில் அது 12 கிலோமீட்டர். 3,000 அடி உயரத்தில் என்ஜின் நின்றால் இந்த விமானம் காற்றில்லாத வேளையில் 8 கிலோமீட்டர் அளவுக்கு மிதந்து செல்லும், எதிர்க்காற்றில் அதுவும் குறையும். சுபாங் ஓடுபாதை எட்டாது. கீழே சுங்கை பூலோ வட்டாரத்தின் வீடுகள், சாலைகள், பள்ளிகள். விமானத்தில் இருப்பவர்களின் உயிர் மட்டுமல்ல இங்கே பணயம்.

இந்தக் கணக்கில் எந்த ஒரு தவறும் பெரியதாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 8 நிமிடக் காற்று, ஒரு குமிழ், 15 லிட்டர் குறைவு, ஒரு மேகம். எதையும் தனியாக எடுத்தால் அந்த ஒன்றரை மணி நேர மிச்சம் தாங்கிக்கொள்ளும். நான்கும் ஒரே நாளில், ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டன. பள்ளியில் அளவீட்டுப் பிழை பற்றிப் படிக்கும்போது, பிழைகள் கூடுதலாகவும் குறைவாகவும் வந்து ஒன்றையொன்று சமன் செய்யும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு ஏற்பட்டுவிடுகிறது. எரிபொருளில் அப்படி அமைவது அரிது. என்ஜின் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் குடித்தது, வழி எதிர்பார்த்ததைவிடச் சுருங்கியது என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. லங்காவியில் நம் விமானி திட்டமிட்டதைவிட 18 நிமிடம் முன்னதாகவே போய் இறங்கியிருப்பார். பயணம் நன்றாகப் போகிறது என்ற மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடு குச்சியை டேங்கில் விட்டிருந்தால் 114 லிட்டர் என்று காட்டியிருக்கும். அவருடைய தாளின்படி, 1 மணி 41 நிமிடப் பறத்தலுக்குப் பிறகு 139 இருந்திருக்க வேண்டும். 25 லிட்டர் எங்கே போயிற்று என்ற கேள்வி அங்கேயே, தரையில், காபி குடிக்கும் நேரத்தில் எழுந்திருக்கும்.

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்கிறது. அமெரிக்க விதிப்படி, கண்ணால் பார்த்துப் பறக்கும் பயணத்தில் பகலில் சென்றடையும் இடத்துக்கு அப்பால் 30 நிமிடத்துக்கும், இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் இருக்க வேண்டும். பல நாடுகளில் இதை ஒத்த விதிகள் உண்டு. ஆனால் அந்த 30 நிமிடம் புறப்படும்போது போடும் திட்டத்துக்கான விதி. தாளில் 30 நிமிடம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். நம் விமானியின் தாளில் 90 நிமிடத்துக்கு மேல் இருந்தது, அவருக்கே அந்தக் கதி. அமெரிக்காவின் விமானிகள் சங்கத்தைச் சேர்ந்த பாதுகாப்புக் கழகம், குறைந்தது ஒரு மணி நேர எரிபொருள் கையிருப்பில் இருக்கும்போதே தரையிறங்கிவிடுங்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நம் கருத்தும் அதுதான். சட்டத்தின் குறைந்தபட்ச அளவைத் தன் இலக்காக வைத்துக்கொள்வது, 40 மதிப்பெண்ணில் தேர்ச்சி என்றால் 40க்கு மட்டும் படிப்பதைப் போன்றது. தேர்வில் அதற்கு மறுவாய்ப்பாவது உண்டு.

இதுவரை எண்களைப் பேசினோம். எண்களுக்குள் அடங்காத ஒரு விபத்தும் உண்டு. உங்கள் பெற்றோர் காலத்து வானொலியில் ஒலித்த அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12ஆம் தேதி கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் தம் சிறு விமானத்தோடு விழுந்து இறந்தார். வயது 53. அவர் கற்றுக்குட்டி அல்ல, 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த விமானி. விமானம் லாங்-ஈசி என்ற வகை, தனிப்பட்டவர்கள் வரைபடத்தை வாங்கித் தாங்களே கட்டிக்கொள்ளும் இரண்டு இருக்கை விமானம். அதை அவர் வாங்கிச் சில நாள்கூட ஆகவில்லை. அதில் அவர் பெற்ற அறிமுகப் பயிற்சி, முந்தைய நாள் நடந்த அரை மணி நேரப் பறத்தல் மட்டுமே.

அந்த விமானத்தில் வலது டேங்க், இடது டேங்க் என்று இரண்டு. எதிலிருந்து என்ஜினுக்கு எரிபொருள் போக வேண்டும் என்பதை ஒரு கைப்பிடியைத் திருப்பி முடிவு செய்ய வேண்டும். மூல வரைபடத்தில் அந்தக் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணுக்கு முன்னால் இருந்தது. இந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்ற குறியீடும் அதில் இல்லை. எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்களும் விமானியின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன, அவற்றிலும் அளவுக் குறிகள் இல்லை.

புறப்படும் முன் டென்வர் ஒரு தொழில்நுட்பரோடு இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கைப்பிடி எட்டவில்லை என்று ஓர் இடுக்கியை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பின்னாலிருக்கும் அளவைப் பார்க்க அந்தத் தொழில்நுட்பர் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடது டேங்கில் காலுக்கும் குறைவு என்பது அவர் கணிப்பு. எண்ணெய் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். கைப்பிடியைத் திருப்ப வேண்டி வந்தால் தானியங்கிக் கருவியைப் போட்டு விமானத்தை நிலையாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

சில முறை ஓடுபாதையைத் தொட்டு எழும்பினார். பிறகு கடலோரமாகப் பறந்தார். என்ஜின் ஒலி குறைந்ததைத் தரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அவர் கைப்பிடியைத் திருப்பத் தோளுக்குப் பின்னால் உடலை முறுக்கியபோது, வலது கால் தன்னையறியாமல் மிதியை அழுத்திவிட்டது, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே விசாரணையின் முடிவு. அதே போன்ற விமானத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த புலனாய்வாளர்கள், இடது தோளுக்குப் பின்னால் திரும்பினால் வலது கால் இயல்பாகவே நீள்வதைக் கண்டார்கள். எரிபொருள் ஊற்றாமல் போனதும், புறப்படும் முன் சரியாகத் திட்டமிடாததும் காரணங்களாக அறிக்கையில் எழுதப்பட்டன. அதோடு, கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்ததும், குறியீடு இல்லாததும், போதாத பயிற்சியும் சேர்த்தே எழுதப்பட்டன.

அறிக்கை ஒரே காரணத்தோடு நிற்கவில்லை என்பதைப் பாருங்கள். அவர் எண்ணெய் ஊற்றியிருந்தால் அன்று அந்தக் கைப்பிடியைத் தேட நேர்ந்திருக்காது. கைப்பிடி கால்களுக்கு நடுவே இருந்திருந்தால், ஊற்றாமல் போயும் அவர் உயிரோடு திரும்பியிருக்கக்கூடும். பொறியியல் படிக்கப் போகும் மாணவர்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டும். கைப்பிடியைத் தோளுக்குப் பின்னால் மாற்றியவரும் ஏதோ ஒரு நல்ல எண்ணத்தில்தான் மாற்றியிருப்பார். மனிதர் அவசரத்தில் என்ன செய்வார், அவருடைய கால் எங்கே போகும் என்பதை வரைபடத்தில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

கணக்கும் வடிவமைப்பும் சரியாக இருந்தும் வாய் திறக்காததால் நேரும் விபத்து இன்னொரு வகை. எரிபொருள் குறைகிறது என்று தெரிந்த பிறகும் பலர் பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் இறங்குவதில்லை. அமெரிக்க வாரியத்தின் எண்ணிக்கையில், இந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பாமல் வேறோர் ஊருக்குப் போன பயணங்களில் நடந்தவை. போகும் இடத்தில் யாரோ காத்திருக்கிறார்கள், ஏதோ ஒரு வேலை இருக்கிறது, இன்னும் 15 நிமிடம்தான். இடையில் இறங்கினால் நேரம் வீண், பணம் வீண், உடன் வருபவர்கள் என்ன நினைப்பார்கள்? இப்படி எண்ணிக்கொண்டே, இறங்கக்கூடிய ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டிய பிறகு திரும்புவது இன்னும் கடினம்.

வானொலியில் சொல்லவும் கூச்சம். இதன் உச்சம் 1990 ஜனவரி 25ஆம் தேதி நியூயார்க்கில் நடந்தது. கொலம்பியாவிலிருந்து வந்த ஆவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707, மோசமான வானிலையால் நெடுநேரம் வானில் சுற்ற வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாக விமானிகள் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். ஆனால் "அவசரநிலை" என்ற சொல்லை அவர்கள் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களின் காதில் அது மற்ற விமானங்கள் சொல்வதைப் போன்ற இன்னொரு கோரிக்கையாகவே விழுந்தது. நான்கு என்ஜின்களும் நின்று விமானம் லாங் தீவின் ஒரு குன்றில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத விமானிகள், அதிகாரத்தோடு வேகமாகப் பேசும் நியூயார்க் கட்டுப்பாட்டாளர்கள். பெரியவர் ஒருவரிடம் "எனக்கு இது புரியவில்லை, உடனே உதவி வேண்டும்" என்று சொல்ல வாய் வராமல் நின்ற அனுபவம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. இதை மொழிப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை.

இன்று அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கென்று இரண்டு சொற்றொடர்களை வகுத்து வைத்திருக்கிறது. இனி தாமதம் ஏற்பட்டால் கையிருப்பைத் தொட வேண்டி வரும் என்னும் நிலையில் "மினிமம் ஃபியூவல்". கையிருப்பைத் தொடாமல் இறங்க முடியாது என்று தெரிந்துவிட்டால் "மேடே, மேடே, மேடே, ஃபியூவல்". சுற்றி வளைக்க வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சொல்லக் கூசுகிறவருக்கும் வாயில் வரும்படி சொல்லையே செய்து கொடுத்துவிட்டார்கள். மனிதரின் கூச்சத்தை ஏசிக்கொண்டிருப்பதைவிட இது நல்ல வழி.

மலாக்காவின் பத்து பெரெண்டாமிலும் சிங்கப்பூரின் சிலேத்தாரிலும் இளையர்கள் பறக்கப் பயில்கிறார்கள். அவர்களில் நம் மாணவர்களும் இருக்கிறார்கள், இன்னும் பலர் வர வேண்டும். அவர்களுக்குப் பயிற்சிக் கழகங்கள் குச்சியையும் குமிழையும் கற்றுக்கொடுத்துவிடும். பள்ளிகளிடம் நாம் கேட்பது வேறு. கணிதத்திலும் இயற்பியலிலும் விடை 144 லிட்டர் என்று வந்தவுடன் அடிக்கோடிட்டு அடுத்த கேள்விக்குப் போகும் பழக்கத்தைச் சற்று நிறுத்துங்கள். "இந்த விடை எவ்வளவு தவறாக இருக்கக்கூடும், எந்தப் பக்கமாக?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். இதில் எது அளந்த எண், எது ஊகித்த எண் என்று மாணவரைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் லங்காவிப் பயணத்தில் 200, 36, 110 ஆகிய மூன்றுமே கையேட்டில் அச்சாகியிருந்த எண்கள். அந்தக் குறிப்பிட்ட நாளில், அந்தக் குறிப்பிட்ட விமானத்தில், அவற்றில் ஒன்றைக்கூட யாரும் அளந்து பார்க்கவில்லை.

விரும்பும் மாணவர்கள் அதே கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மற்ற எல்லாம் அப்படியே இருக்கட்டும், காற்றை மட்டும் 20 நாட்டிலிருந்து 30 நாட்டாக உயர்த்துங்கள். என்ஜின் எந்த இடத்தில் நிற்கும் என்று கண்டுபிடித்து, சுபாங்கிலிருந்து லங்காவிக்கு வரைபடத்தில் கோடு போட்டு அந்த இடத்தைக் குறியுங்கள். பெஸ்தாரி ஜெயா பக்கம் வந்தால் உங்கள் கணக்கு சரி.